பவர் ஏற்றும்போது இன்ஜினுக்குள் எது முதலில் கைவிடும்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஷார்ஜா ஃபிட்டர்:

இங்கே இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு கராஜில் இன்ஜின் பிரித்துக் கோர்க்கிற வேலை எனக்கு. வருவதில் பெரும்பாதி நிஸான் பேட்ரோல் ஜீப்தான். டிபி48 இன்ஜின், 4.8 லிட்டர், ஆறு சிலிண்டரும் ஒரே வரிசை. கம்பெனியிலிருந்து டர்போ இல்லாமல் 280 எச்பி அளவில் வரும். அதில் டர்போ மாட்டி ஆயிரத்தைத் தாண்டவைத்து, அபுதாபி பக்கம் லிவாவில் மொரீப் மணல்மேட்டில் நேராக ஏற்றிப் பார்க்கிற கூட்டம் இங்கே உண்டு.

பிளாக் இரும்பு, தாங்கும். முதலில் கைவிடுவது கனெக்டிங் ராடு, பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கிற தண்டு. போன குளிர்காலத்தில் ஒரு வண்டி வந்தது. வேறு எங்கேயோ டர்போ மட்டும் மாட்டி, உள்ளே ஒன்றையும் தொடாமல் விட்டிருந்தார்கள். ஐடிலில் லேசாக உதறல், வேறு சத்தம் இல்லை. கம்ப்ரஷன் பார்த்தால் மூன்றாவது சிலிண்டர் மட்டும் குறைவு. சரி, பிஸ்டன் ரிங் போயிருக்கும் என்று லீக்டவுன் டெஸ்டில் சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிப் பார்த்தால் காற்று எங்கேயும் கசியவில்லை. ஹெட்டைக் கழற்றி டயல் கேஜ் வைத்து ஒவ்வொரு பிஸ்டனும் மேலே எவ்வளவு தூரம் வருகிறது என்று அளந்தோம். மூன்றாவது மட்டும் ஒரு மில்லிக்கு மேல் கீழேயே நின்றுவிட்டது. ராடு வளைந்து குட்டையாகிவிட்டது, அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கும்.

"ஸ்டாக் ராடு எத்தனை எச்பி தாங்கும்ணே?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். ராடை வளைப்பது எச்பி இல்லை, டார்க், அதாவது முறுக்கு விசை. மணலில் 3000 ஆர்பிஎம்மில் டர்போவின் முழு பூஸ்ட்டோடு மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்துக்குப் போகும், ராடு நசுங்கும். அதே எச்பியை 7000-இல் எடுத்தால் ஒவ்வொரு அடியிலும் அழுத்தம் குறைவு. ஆனால் அங்கே வேறு ஆபத்து. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டன் ராடை மேலே இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். அந்த இழுவை முழுக்க ராடு போல்ட் மேல். ஆர்பிஎம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்கு. அதனால் நான் முதலில் கேட்பது, "எந்த ஆர்பிஎம்மில் மிதிப்பீங்க?"

பிஸ்டன் விஷயம். ஃபோர்ஜ்டு, அதாவது அடித்து வார்த்தெடுக்காமல் அழுத்தி உருவாக்கினது, என்றால் எல்லாம் ஒன்றில்லை. 2618 அலுமினிய அலாயில் சிலிக்கான் மிகக் குறைவு, அடி தாங்கும், ஆனால் சூட்டில் அதிகம் விரியும். அதனால் சுவருக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி கூடுதலாக வைக்கவேண்டும். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் சூடாகும்வரை டக்டக் என்று தட்டும். இதைக் கேட்டுப் பயந்து போன் பண்ணுகிறவர்கள் ஏராளம். 4032-இல் சிலிக்கான் 12 சதவீதம் அளவில். இடைவெளி குறைவாக வைக்கலாம், சத்தமும் இல்லை. தினமும் ஆபீஸ் போகிற வண்டிக்கு அது போதும்.

ரிங் கேப்பை, அதாவது ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவே விடுகிற இடைவெளியை, மட்டும் யாரையும் நம்பி விடாதீர்கள். 99.5 மில்லி போருக்கு (சிலிண்டரின் உள்விட்டம்), டர்போ என்றால் மேல் ரிங்கில் 0.6 மில்லி அளவில் வைக்கிறோம். கேப் குறைந்தால் சூட்டில் இரண்டு முனையும் முட்டிக்கொண்டு பிஸ்டனில் ரிங்கைத் தாங்குகிற விளிம்பையே (ரிங் லேண்ட்) உடைத்துவிடும். பழி பிஸ்டன் கம்பெனி மேல்!

கோவை 650:

அண்ணே, நான் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பைக்கில் 78 மில்லி போரை 90 ஆக்குகிற கிட் போட்டிருக்கிறேன். 865 சிசி என்கிறார்கள்; ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 67.8 என்று கணக்குப் போட்டால் 862 சொச்சம்தான் வருகிறது, போகட்டும். பிஸ்டன், கிராங்க் எல்லாம் சமத்தாக இருக்கிறது. முதலில் வழுக்கியது கிளட்ச்! கடினமான ஸ்பிரிங் போட்டபிறகு சரியானது, இடது கைதான் வலிக்கிறது.

லேத்தில் ஒன்று கவனித்தேன். ஹோன் பண்ணும்போது, அதாவது சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்த்து அளவாக்கும்போது, சிலிண்டர் மேல் கனமான பிளேட் ஒன்றை வைத்து, ஹெட் போல்ட் முறுக்குகிற அளவுக்கே முறுக்கினார்கள். போல்ட் இறுகும்போது போர் வட்டம் லேசாகக் கோணும் இல்லையா, அந்தக் கோணலோடுதான் ஹோன் பண்ணவேண்டுமாம். பிளேட் இல்லாத கடையில் வேலை கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, ரோட்டில் ஓட்டுகிறவர்கள் ஆர்.சி.யை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி ஸ்பெக்கை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவை வைத்து 2019-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. என் வண்டி டிராக்கில் மட்டும்தான் ஓடுகிறது.

ஆர்எக்ஸ் தம்பி:

எங்கள் யமஹா ஆர்எக்ஸ் 100, 98 சிசிக்கு இவ்வளவு இல்லை. ஆனால் போர்ட்டிங் பண்ணி (சிலிண்டரின் காற்று வழிகளைப் பெரிதாக்கி) ஆர்பிஎம் ஏற்றினால் பிரஸ் பண்ணின கிராங்க் பின் நழுவிக் கோணிவிடுகிறது. சென்டரில் மாட்டி டயல் வைத்து நேராக்கி, பின்னை வெல்டு வைக்கிறோம். ஷார்ஜா அண்ணே, புது ராடு போல்ட் மட்டும் மாற்றினால் போதுமா?

ஷார்ஜா ஃபிட்டர்:

போதாது தம்பி. காருக்குச் சொல்கிறேன்; உன் ஆர்எக்ஸில் ராடு போல்ட்டே கிடையாதே. புது போல்ட் இறுகும் விதம் வேறு, ராடு கிராங்க்கைப் பிடிக்கிற பிக் எண்ட் வட்டம் மாறிவிடும். போல்ட்டை முறுக்கி வைத்து, மறுபடி அளந்து, ஹோன் பண்ணித்தான் பேரிங் போடவேண்டும். முடித்து ஓட்டின பிறகு முதல் ஆயில் ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் வெட்டிப் பிரித்துப் பார். பேப்பர் மடிப்பில் பேரிங் தூள் மின்னினால் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதே.