40 வாரத்தில் 200 நாள் இருக்கிறதா? என்.எல்.சி. பங்கும் நீண்ட காலச் சராசரிக் கோடும்

பெண்ணைக்கரை:
"நெய்வேலி என்.எல்.சி. நிறுவனத்தின் பங்கை வைத்திருக்கலாமா, விற்கலாமா என்று தெரிய 40 வாரச் சராசரிக் கோடு, அதாவது கடந்த 40 வாரத்து விலைகளின் சராசரியை வரைந்துகொண்டே போகும் கோடு, ஒன்றே போதும்; அதுவும் 200 நாள் கோடும் ஒன்றுதான், ஐந்தை நாற்பதால் பெருக்கத் தெரிந்தவருக்கு இதில் சந்தேகமே வராது" என்று முத்தியால்பேட்டை சார் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெருக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, சந்தை திறந்திருந்த நாள்களை எண்ணவும் தெரிய வேண்டும். 2024 ஜனவரி 1 திங்கட்கிழமை தொடங்கி அக்டோபர் 4 வெள்ளிக்கிழமை வரை சரியாக 40 வாரம். அதில் திங்கள் முதல் வெள்ளி வரையான நாள்கள் 200. குடியரசு நாள், சிவராத்திரி, ஹோலி, புனித வெள்ளி, ரம்ஜான், மும்பை வாக்குப்பதிவு என்று 13 நாள் சந்தை மூடியிருந்தது. ஜனவரி 20, மார்ச் 2, மே 18 ஆகிய மூன்று சனிக்கிழமைகளில் திறந்திருந்தது. கூட்டிக் கழித்தால் 190. மஞ்சக்குப்பத்தில் என் மேசைமேல் இருக்கும் நீள நோட்டில் அன்றாட முடிவு விலையை நீல மையில் எழுதி, விடுமுறை நாளுக்குச் சிவப்புக் கோடு போட்டு வருகிறேன். அந்த நோட்டைப் பார்த்து எண்ணியே சொல்கிறேன்: 40 வாரத்தில் 200 நாள் இல்லை.

முத்தியால்பேட்டை:
புதுச்சேரி நேரு வீதியில் ஒரு புரோக்கர் அலுவலகத்தின் மாடியில் உட்கார்ந்து, டீமேட் என்ற மின்னணுப் பங்குக் கணக்கு வருவதற்கு முன்பே, காகிதப் பங்குப் பத்திரங்களுக்கு மாற்றுப் படிவம் நிரப்பிக் கொடுத்தவன் நான். எனக்கு விடுமுறைப் பட்டியலை வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. 200 நாள் சராசரியில் புதிதாக ஒரு நாள் சேரும்போது பழைய நாள் ஒன்று விழுகிறது. இரண்டுக்கும் இடையே 10 ரூபாய் வித்தியாசம் இருந்தாலும் கோடு 5 காசுதான் நகரும். இந்த 5 காசை வைத்துக்கொண்டு பங்கை வாங்குவதா விற்பதா என்று எவன் முடிவெடுப்பான்? பெண்ணைக்கரை அவர்களுக்கு நோட்டு அழகாக இருக்க வேண்டும். எனக்குப் பணம் மிஞ்ச வேண்டும். ஒன்றுதான் என்றேன், ஒன்றுதான்.

பெண்ணைக்கரை:
5 காசு என்பது ஒரு நாள் சேர்ந்து ஒரு நாள் விழும் கணக்கு. நான் கேட்டது பத்து நாள் வித்தியாசத்தை. சராசரி என்பது நடுநாளின் நிலையைக் காட்டுவதால், 200 நாள் கோடு விலைக்குப் பின்னால் ஏறக்குறைய 99 நாள் தள்ளி நடக்கிறது. 190 நாள் கோடு 94 நாள் தள்ளி நடக்கிறது. பங்கு நாளுக்கு 1 ரூபாய் வீதம் சீராக ஏறிக்கொண்டிருந்தால் இரண்டு கோடுகளுக்கும் இடையே 5 ரூபாய் இடைவெளி விழும். 5 காசு என்றவர் 5 ரூபாய் என்று திருத்திக்கொள்ளட்டும். பத்திரம் நிரப்பிய அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் அந்த அனுபவம் 190-ஐ 200 ஆக்கிவிடாது.

வட்டம் பதினாறு:
நெய்வேலியில் பிறந்து வளர்ந்தவள் என்ற உரிமையில் குறுக்கிடுகிறேன். 190-க்கும் 200-க்கும் நடுவில் நிற்கும் நீங்கள் இருவரும் நிறுவனத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. இதன் அனல்மின் நிலையங்களுக்கான கட்டணத்தை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. எரிபொருள் செலவும் பராமரிப்புச் செலவும் போக, போட்ட பங்கு மூலதனத்துக்கு 15.5 சதவீத வருமானம் என்பதே அடிப்படைக் கணக்கு. எனவே லாபம் பெருக வேண்டுமானால் புதிய நிலையம் வர வேண்டும், இருக்கும் நிலையம் நிற்காமல் ஓட வேண்டும். சோவியத் உதவியோடு கட்டிய 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையம் 2020-இல் நிறுத்தப்பட்டது. அதன் இடத்தை நிரப்ப 1,000 மெகாவாட் புதிய நிலையம் வந்தது. உத்தரப் பிரதேசத்தின் காட்டம்பூரில் 660 மெகாவாட் வீதம் மூன்று அலகுகள், ஒடிசாவில் தலபிரா நிலக்கரிச் சுரங்கம் என்று இன்று இது பழுப்பு நிலக்கரி நிறுவனம் மட்டும் இல்லை. 200 நாளைக்கு முந்திய விலையில் இவற்றில் எது தெரியும்? காட்டம்பூரின் முதல் அலகு 2024 டிசம்பரில்தான் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. அது முழு ஆண்டு ஓடினால் வரும் வருமானத்தை நீங்கள் யாராவது கணக்கிட்டிருக்கிறீர்களா?

பெண்ணைக்கரை:
அம்மா, நீங்கள் சொன்ன எதையும் மறுக்கவில்லை. ஆனால் பேச்சு எங்கே தொடங்கியதோ அங்கேயே முடிய வேண்டும். 40 வாரமும் 200 நாளும் ஒன்று என்றாரா இல்லையா?

லாஸ்பேட்டை:
இந்த எண்ணிக்கைச் சண்டையே பழங்காலத்தது. அடுக்குக்குறி நகரும் சராசரியைப் பயன்படுத்துங்கள். 200 நாளுக்கு அதைப் போட்டால், 200-உடன் ஒன்று கூட்டி, இன்றைய விலைக்கு 201-இல் இரண்டு பாகம், அதாவது 1 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான எடை கிடைக்கிறது. பழைய விலைகளின் எடை படிப்படியாகத் தேய்கிறது. எந்த நாளும் திடீரென்று கோட்டிலிருந்து விழுவதில்லை. அப்புறம், முத்தியால்பேட்டை அண்ணனுக்கு ஒரு பழைய கணக்கு நினைவிருக்கும். சென்ற ஆண்டு நீங்கள் "கோடு உடைந்துவிட்டது, விலை கீழே போய்விட்டது, வெளியே வந்துவிடு தம்பி" என்று சொன்னதை நம்பி விற்றேன். அடுத்த வாரமே விலை கோட்டுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. மறுபடி வாங்கியபோது கூடுதல் விலை, இரண்டு முறை தரகுக் கட்டணம். உங்கள் எளிய சராசரியின் பலனை என் பாஸ்புக் சொல்லும்.

முத்தியால்பேட்டை:
தம்பி, சொன்னதைப் பாதியாக வெட்டிச் சொல்லாதீர்கள். முடிவு விலை தொடர்ந்து மூன்று நாள் கோட்டுக்குக் கீழே இருந்தால் விற்கலாம் என்றேன். நீங்கள் முதல் நாளே, அதுவும் பகல் 11 மணிக்கு, சந்தை முடியும்வரைகூடப் பொறுக்காமல் விற்றுவிட்டு என் தலையில் கட்டுகிறீர்கள். அவசரத்துக்குச் சராசரி பொறுப்பாகாது.

லாஸ்பேட்டை:
"மூன்று நாள்" என்ற சொல்லை நீங்கள் இன்றுதான் முதன்முதலாகச் சொல்கிறீர்கள்.

பெண்ணைக்கரை:
உங்கள் இருவரின் பாகப்பிரிவினையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். லாஸ்பேட்டைத் தம்பி 201 என்கிறார். அந்த 201-க்குள்ளும் 200 வர்த்தக நாள் என்ற எண்தான் ஒளிந்திருக்கிறது. வாரக் கணக்கில் அதே வாய்பாட்டைப் போட்டால் 41-இல் இரண்டு பாகம். அதாவது ஒரு வாரத்தின் ஒற்றை விலைக்கு ஏறக்குறைய 5 சதவீத எடை. எந்த வாய்பாட்டுக்குப் போனாலும் நாள்களை எண்ணியே ஆக வேண்டும்.

அடுத்து, வாரக் கோட்டுக்கு வெள்ளிக்கிழமை முடிவு விலையை எடுத்தால் போதும் என்று முத்தியால்பேட்டை சார் முன்பு ஒரு முறை எழுதினார். நான் மறக்கவில்லை. 2023 தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலை ஒரு மணி நேரம் முகூர்த்த வர்த்தகம் நடந்தது. என் நோட்டில் அந்த ஒரு வரியை மட்டும் பச்சை மையில் எழுதியிருக்கிறேன். வாரம் திங்களில் தொடங்குகிறது என்றால் அந்த வாரத்தின் கடைசி விலை ஞாயிற்றுக்கிழமை விலை, வெள்ளிக்கிழமை விலை அன்று. 2024 ஜனவரி 20 சனிக்கிழமையும் அப்படியே. அந்தத் தீபாவளி வாரத்துக்கு உங்கள் 40 வாரக் கோட்டில் எந்த விலையைப் போட்டீர்கள்? வெள்ளியா, ஞாயிறா?

முதுநகர்:
முகூர்த்த வர்த்தகத்தை ஒரு நாளாகக் கணக்கில் சேர்ப்பதே தவறு என்பது என் கருத்து. வீட்டில் விளக்கேற்றிவிட்டு, லட்சுமி வரட்டும் என்று ஆளுக்கு ஐந்து பங்கு பத்துப் பங்கு வாங்கும் நேரம் அது. அந்த விலைக்கும் ஒரு முழு நாள் விலைக்கும் ஒரே எடை கொடுப்பது கணக்காகாது.

பெண்ணைக்கரை:
பங்குச் சந்தை அதற்கு முடிவு விலை வெளியிடுகிறது. ஒப்பந்தச் சீட்டு வருகிறது. பங்கு கணக்கில் ஏறுகிறது. சந்தை நாள் என்று ஏற்றதை நீங்கள் நாளில்லை என்றால், மார்ச் 2, மே 18 குறுகிய நேரச் சிறப்பு அமர்வுகளையும் நீக்க வேண்டும். அப்போது 190 கூட நிற்காது, 188 ஆகும். 200-லிருந்து இன்னும் விலகித்தான் போகிறீர்கள். முதுநகர் நண்பர் அறியாமலே என் பக்கம் பேசியிருக்கிறார்.

முதுநகர்:
நான் யார் பக்கமும் பேசவில்லை. விளக்கேற்றும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்றேன், அவ்வளவுதான். கடலூரில் இருப்பவனுக்குக் கோட்டின்மேல் நம்பிக்கை வராததற்கும் காரணம் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது, ஊருக்குத் தெற்கே கட்டிக்கொண்டிருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் பணி நின்றுபோனது. எந்த நாட்டு 200 நாள் கோடு அதை முன்கூட்டிச் சொல்லியிருக்கும்?

வட்டம் பதினாறு:
முதுநகர் ஐயா சொல்வதுதான் என் கவலையும். 2020 ஜூலை 1 காலையில் இரண்டாம் அனல்மின் நிலையத்தின் ஐந்தாம் அலகில் கொதிகலன் வெடித்து, எங்கள் ஊர்த் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல் வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கிய பிறகு ஊரே கொந்தளித்தது. சுரங்கம் விரிய நிலம் வேண்டும். நிலம் கிடைக்காவிட்டால் பழுப்பு நிலக்கரி இல்லை. நிலக்கரி இல்லையேல் நிலையம் முழுத் திறனில் ஓடாது. அது ஓடாவிட்டால் நிர்ணயித்த 15.5 சதவீதமும் முழுதாகக் கைக்கு வராது. இந்தப் பங்கை எடைபோட நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பெரும்பங்குதாரர் யார் என்பதையும் பாருங்கள். 2024 மார்ச்சில் மத்திய அரசு 7 சதவீதப் பங்கை விற்றபோது தரைவிலை, அதாவது அதற்குக் குறைந்து விற்பதில்லை என்ற விலை, 212 ரூபாய் என்று அறிவித்தது. அரசின் பங்கு 79.2-லிருந்து 72.2 சதவீதமாகக் குறைந்தது. அரசு விற்கும் என்று தெரிந்த பங்கின் விலை தானாகவே அந்தத் தரைவிலையை நோக்கி இறங்கும். அதைக் கோடு உடைந்தது என்று படித்தால், அரசின் நிதித் தேவையை நிறுவனத்தின் நலிவு என்று படித்ததாகிவிடும். காட்டம்பூர் பற்றி நான் கேட்டதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

முத்தியால்பேட்டை:
அம்மா சொல்வது எல்லாமே விலைக்குள் ஏற்கெனவே வந்துவிடும் என்பதால்தான் கோட்டைப் பார்க்கிறோம். வயலில் இயந்திரம் இறங்கினாலும், அரசு பங்கு விற்றாலும், இரண்டும் சேர்ந்து ஒரே விலையாக மாலை 3.30-க்கு வந்து நிற்கிறது. 2020 மார்ச்சில் இந்தப் பங்கு 50 ரூபாய்க்கும் கீழே கிடந்தது. பிறகு 200 ரூபாயைத் தாண்டியது. அந்த ஏற்றத்தின் பெரும்பகுதியை விற்காமல் நான் கையில் வைத்திருந்ததற்கு 40 வாரக் கோடுதான் காரணம். கணக்கு நோட்டு வைத்திருப்பவர்கள் அந்த ஏற்றத்தில் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்று நோட்டைப் பார்த்தே சொல்லட்டும்.

பெண்ணைக்கரை:
என் சம்பாத்தியம் இங்கே விவாதப் பொருள் இல்லை. நான் வாங்கியது 300 பங்கு, இன்றும் 300 பங்கு, அதை மறைக்கவும் இல்லை. நீங்கள் வைத்திருந்தது 40 வாரக் கோட்டால் என்கிறீர்கள். சரி, அது 40 வாரக் கோடு. அதை 200 நாள் கோடு என்று சொன்னதைத்தான் கேட்கிறேன். நாளைக்குப் புதிதாக வருகிற ஒரு பிள்ளை உங்கள் பேச்சை நம்பி, கணினியில் 200 நாள் கோட்டைப் போட்டு, நீங்கள் வாரக் கோட்டில் பார்த்த இடத்தில் வாங்கப் போனால், இரண்டும் வேறு இடத்தில் நிற்கும். அந்தப் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? லாஸ்பேட்டைத் தம்பிக்கு நேர்ந்தது இதுவாகவே இருக்கலாம்.

லாஸ்பேட்டை:
எனக்கு நேர்ந்ததற்குக் காரணம் கோடு இல்லை, அண்ணனின் "மூன்று நாள்".

முத்தியால்பேட்டை:
மறுபடியுமா? முதல் நாள் பகல் 11 மணி என்பதை மறந்துவிட்டீர்களா? பெண்ணைக்கரை சாருக்கும் சொல்லிவிடுகிறேன்: அந்த 190-ஐ நீங்களே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் 40 வாரக் கோட்டைத்தான் பார்ப்பேன், அதை 200 நாள் கோடு என்றுதான் சொல்வேன்.

வட்டம் பதினாறு:
காட்டம்பூரின் 1,980 மெகாவாட்டில் நம் நிறுவனத்தின் பங்கு 51 சதவீதம், மீதி உத்தரப் பிரதேச அரசு மின் நிறுவனத்துக்கு. இதை வைத்தாவது யாராவது கணக்குப் போடுவீர்களா?

பெண்ணைக்கரை:
போடலாம் அம்மா. அதற்கு முன் முத்தியால்பேட்டை சார் ஒன்றைச் சொல்லிவிடட்டும். 2023 நவம்பர் 12: வெள்ளியா, ஞாயிறா?