மூவ்செட்டுக்கு ‘அடவுக்கட்டு’: நிபில்ஸை வைத்து ஒரு சோதனை

நண்பர்களே, வணக்கம்.

சண்டை விளையாட்டில் ஒரு பாத்திரத்துக்கு அமைத்துவைத்த தாக்குதல்கள் எல்லாம் சேர்ந்ததே மூவ்செட். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: நகர்வுத் தொகுதி, அசைவுத் தொகுப்பு, தாக்குவரிசை. பட்டியலில் ஏற்ற மூன்றுமே போதும். ஆனால் ஒரு பாத்திரத்துக்கு மூவ்செட் அமைக்க உட்காரும்போது இவற்றில் எது கைகொடுக்கும்? அதைச் சோதிக்க, ஒரு கார்ட்டூனின் ஓரத்தில் வந்துபோகும் பாத்திரம் ஒன்றை எடுத்து முழுசாக அமைத்துப் பார்த்தேன்.

எடுத்துக்கொண்டது டாம் அண்ட் ஜெர்ரியில் வரும் நிபில்ஸ். டஃபி என்றும் சொல்வார்கள். டயப்பர் கட்டிய சாம்பல் நிறக் குட்டி எலி. 1946இல் முதன்முதலாகத் திரையில் வந்தது. டாமும் ஜெர்ரியும் எல்லாப் படங்களிலும் இருக்க, இது சிலவற்றில் மட்டும் தலைகாட்டும். எப்போதும் பசி. 1952இல் வந்த ஒரு படத்தில் தொப்பியும் வாளுமாகக் குட்டி வீரனாக வந்து பிரெஞ்சு பேசும். அந்தப் படம் ஆஸ்கர் வாங்கியது. நம் கையில் இருப்பது இவ்வளவுதான்: பசி, டயப்பர், வாள், மிகச் சிறிய உடம்பு.

இவ்வளவு போதுமா என்றால், போதும். மிஸ்டர் கேம் அண்டு வாட்ச் என்ற பாத்திரத்தைப் பாருங்கள். 1980 முதல் வந்த கையடக்க விளையாட்டுக் கருவிகளின் திரையில் தெரிந்த கறுப்பு நிழலுரு அது. முகம் இல்லை, கதை இல்லை. 2001இல் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மீலி என்ற சண்டை விளையாட்டில் அதைச் சண்டைக்குக் கொண்டுவந்தபோது, ஒவ்வொரு தாக்குதலையும் அந்தப் பழைய கருவிகளின் விளையாட்டுகளிலிருந்தே எடுத்தார்கள். அதன் சுத்தியல் அடியில் 1 முதல் 9 வரை ஓர் எண் வரும். அடியின் பலன் அந்த எண்ணைப் பொறுத்தது. வெளியிலிருந்து எதையும் ஒட்டவைக்காததால்தான் அந்தப் பாத்திரம் இன்றுவரை தனித்துத் தெரிகிறது.

சரி, நிபில்ஸுக்கு வருகிறேன். அதன் நடுநாயகமான தாக்குதல் விழுங்கல். கார்ட்டூனில் அது ஓர் ஆரஞ்சை முழுதாக விழுங்கி, உடம்பே உருண்டையாகிவிடும் காட்சி உண்டு. அதையே விதியாக்கலாம். எதிராளி எறிவதை நிபில்ஸ் விழுங்கும். விழுங்கியதன் வடிவத்துக்கே உடம்பு மாறும். வயிறு காலியாக இருக்கும்போது பல எறிபொருள்கள் தலைக்கு மேலே பறந்துபோகும் அளவுக்குக் குள்ளம், ஓட்டமும் வேகம். வயிறு நிறைந்ததும் உடம்பு பெருக்கும், கனக்கும், ஓட்டம் குறையும், ஆனால் விழுங்கியதை உமிழ்ந்து அடிக்கலாம். நிறைந்த நிலையில் அடி வாங்கினால் பொருள் தானாகத் தெறிக்கும், எந்தத் திசை என்று சொல்ல முடியாது. எப்போது விழுங்குவது, எவ்வளவு நேரம் சுமப்பது என்பதிலேயே ஆட்டம் முழுவதும் அடங்கிவிடுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, எறிபொருள் வைத்திருக்காத எதிராளியிடம் நிபில்ஸ் பசியோடேயே நிற்க வேண்டும் என்பது. அங்கே வாள் ஒன்றுதான் துணை.

வாள்குத்து விரைவான அடியாக இருக்க வேண்டும். பெரும்பாலான சண்டை விளையாட்டுகள் நொடிக்கு 60 சட்டகம் (திரையில் வரும் தனித்தனிப் படம்) ஓடுபவை. விரைவான அடிகள் 3, 4 சட்டகத்திலேயே படத் தொடங்கும். 4 சட்டகம் என்பது நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு. கண்ணால் பார்த்துத் தடுக்க மனிதருக்கு ஆகும் நேரத்தைவிட மிகக் குறைவு. நிபில்ஸின் குத்துக்கு 4 சட்டகம் வைத்தேன். எட்டும் தூரம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, ஒட்டி நின்றால்தான் படும். டயப்பரைக் குடைபோல் விரித்து மெல்ல இறங்கலாம், அவ்வளவே.

அடுத்து, ஒரு பெரிய சுத்தியலையும் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. அடி வலுவில்லாத பாத்திரம், ஆட்டம் சமமாகுமே! ஆனால் எழுதியதும் அடித்துவிட்டேன். சுத்தியல் அந்தக் குட்டியுடையதல்ல. ‘இது அதோட சீட்டுக்கட்டுல இல்லாத சீட்டு’ என்று வாய்விட்டே சொன்னேன். சொல் கிடைத்தது அங்கேதான்.

சீட்டுக்கட்டை நினைத்துப் பாருங்கள். எத்தனை சீட்டு, என்னென்ன சீட்டு என்பது முன்பே முடிவானது. எந்த நேரத்தில் எதை இறக்குவது என்பது ஆடுபவர் கையில். வெளிச்சீட்டு ஒன்று உள்ளே வந்தால் ஆட்டமே கெடும். மூவ்செட்டும் அப்படியே. ‘தொகுதி’, ‘தொகுப்பு’ என்றால் இன்னும் நாலு சேர்த்தாலும் அது தொகுப்புதான். ‘வரிசை’ ஒன்றன்பின் ஒன்று என்கிற ஒழுங்கைச் சொல்கிறது; மூவ்செட்டில் அந்த ஒழுங்கு கிடையாது. அது காம்போவில், அதாவது இடைவெளியில்லாமல் தொடரும் அடிகளில், இருப்பது. 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை விளையாட்டில் காம்போ என்பது திட்டமிட்டு வைத்ததல்ல, உருவாக்கும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டு, அப்படியே விட்டது. அமைப்பவர் தருவது கட்டு, அதிலிருந்து ஆடுபவர் கோப்பது காம்போ. ஆகவே ‘வரிசை’யைக் காம்போவுக்கு வைத்து ‘அடிவரிசை’ என்போம்.

முன்பகுதிக்கு ‘நகர்வு’ எனக்கு ஒட்டவில்லை. சதுரங்கத்துக்கு அது அருமையான சொல், காய் இடம் மாறுகிறது. நிபில்ஸ் நின்ற இடத்திலேயே விழுங்குகிறது, அதை நகர்வு என்று எப்படிச் சொல்ல? ‘அசைவு’ என்றால் கொட்டாவியும் அசைவுதான். ‘அடவு’ நம்மிடம் முன்பே இருக்கிறது: பயின்று, பெயரிட்டு, வேண்டியபோது அதே வடிவில் எடுத்து ஆடக்கூடிய ஓர் உடல்வினை. ‘அது நாட்டியச் சொல்லாயிற்றே’ என்று ஒருவர் கேட்டிருந்தார். நாட்டியத்தில் மட்டுமல்ல, களரியிலும் அடவு உண்டு. அடவையும் கட்டையும் சேர்த்தால் ‘அடவுக்கட்டு’. நாட்டியத்தில் அடவோடு சேர்ந்தே ஒலிக்கும் தாளச் சொற்களான சொற்கட்டிலும் இதே ‘கட்டு’ இருப்பது எனக்கு மகிழ்ச்சி.

‘மூவ்செட் என்றே எழுதினால் என்ன?’ என்ற கேள்வியையும் மதிக்கிறேன். பேச்சில் நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் ஒரு வழிகாட்டியைத் தமிழில் எழுதும்போது அந்தச் சொல்லிலிருந்து அடுத்த சொல் பிறப்பதில்லை. அடவிலிருந்து சிறப்படவு (பாத்திரத்துக்கே உரிய தனித் தாக்குதல்) வரும், பிடியடவு (எதிராளியைப் பிடித்து எறிவது) வரும். ஓர் அடவின் மூன்று பகுதிகளுக்கும் பெயர் எளிதாக அமைகிறது: கை ஓங்கும் வரை ஓங்குநேரம், அடி படக்கூடிய சட்டகங்கள் படுநேரம், பழைய நிலைக்கு வரும் வரை மீள்நேரம். மூன்றும் வினைத்தொகை. அடி எட்டும் பகுதியான ஹிட்பாக்ஸுக்கு அடிபரப்பு, அடி வாங்கும் பகுதியான ஹர்ட்பாக்ஸுக்குப் படுபரப்பு என்றும் எழுதிப் பார்த்தேன். ‘விழுங்கியதும் நிபில்ஸின் படுபரப்பு பெருக்கிறது’ என்ற வாக்கியம் எனக்குத் தடையில்லாமல் ஓடுகிறது. உங்களுக்கு எங்காவது இடறினால் சொல்லுங்கள்.

இந்த அடவுக்கட்டில் ஒரு சீட்டு மட்டும் இன்னும் காலி. நிபில்ஸுக்குப் பிடியடவு அமையவில்லை. தன்னைவிடப் பல மடங்கு பெரிய எதிராளியை அது தூக்கி எறிந்தால் பொய்யாகத் தெரிகிறது. உடம்பில் ஏறி ஓடிக் காதைக் கடிக்கலாம் என்று நினைத்தேன், ஆனால் அது பிடியா, தாவலா? யாருக்காவது நல்ல யோசனை வந்தால் எழுதுங்கள், சேர்த்துவிடுகிறேன்.