ரப்பர் மறுநடவு: மேட்டுக் காட்டையும் சேர்த்து வெட்டலாமா?

முடோன் தோட்டக்காரன்:
வணக்கம். பர்மாவில், மோன் மாநிலத்து முடோன் பக்கம் எங்களுக்கு 8 ஏக்கர் ரப்பர் இருக்கிறது. எல்லாம் அப்பா காலத்து விதைக்கன்று மரங்கள். தினமும் பால் வெட்டி வெட்டிப் பட்டையெல்லாம் தழும்பு, பாதி மரம் வறண்டே போய்விட்டது. எடுத்துவிட்டு ஆர்ஆர்ஐஎம் 600 என்ற ரப்பர் ரகத்தின் ஒட்டுக்கன்று வைக்கப் போகிறோம், அதில் குழப்பமில்லை. குழப்பம் தோட்டத்துக்கு மேலே சரிவில் இருக்கும் 3 ஏக்கரில்தான். மூங்கில், பியின்கடோ, பெயர் தெரியாத மரங்கள், நடுவில் ஓர் ஊற்று. எங்கள் நிலப் பயன்பாட்டுச் சான்றான படிவம் 7-ல் அந்த இடம் இல்லை, ஆனால் தாத்தா காலத்திலிருந்து மூங்கில் வெட்டுவது நாங்கள்தான். அதையும் சுத்தம் செய்தால் 600 மரம் கூடுதலாக வரும் என்று தம்பி ஒற்றைக்காலில் நிற்கிறான். ரப்பர் ஷீட் (பாலை உறைய வைத்து அழுத்திய தகடு) வாங்க வருகிறவரோ, இனிமேல் காட்டை அழித்து வைத்த ரப்பரை ஐரோப்பாக்காரன் தொடமாட்டான் என்று பாதி சொல்லி பாதி விழுங்குகிறார். எனக்கு அந்தக் காட்டில் கை வைக்க மனசில்லை. மனசில்லை என்று சொன்னால் தம்பியிடம் எடுபடாது, கணக்காக ஏதாவது சொல்லுங்கள்.

தட்டோன் பெரியவர்:
தம்பி, ஷீட் அடிக்கத் தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? அந்த ஊற்றிலிருந்துதானே? முதலில் உங்கள் தம்பியை இதற்குப் பதில் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் ஓடைத் தலைப்பை வெட்டி ரப்பர் வைத்தவர்கள் மாசி பங்குனியில் டிரம்மில் தண்ணீர் வாங்கிப் பாலைக் கலக்குகிறார்கள், அந்தச் செலவை யாரும் 600 மரத்தோடு சேர்த்து எழுதுவதில்லை. நம் பக்கம் வருடத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதுவும் பெரும்பகுதி நாலைந்து மாதத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடும். சரிவில் மண்ணை வெறுமையாக்கிவிட்டுக் கன்று வைத்தால் நிழல் மூடுவதற்குள் மேல்மண் ஓடைக்குப் போய்விடும். 2019 ஆகஸ்ட்டில் பாவுங் பக்கம் மலை சரிந்து 70 பேருக்கு மேல் போனார்களே, மறந்துவிட்டதா? ரப்பர்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சரிவில் மண்வெட்டி போட எனக்குக் கை வருவதில்லை.

அப்புறம் ஒன்று. ஷீட்டை உலர்த்தும் புகைக்கூடத்துக்கு விறகு எங்கே வெட்டுகிறீர்கள்? மேட்டுக் காட்டிலிருந்துதான் என்றால், அது ஏற்கெனவே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. இப்போது எடுக்கப்போகும் கிழட்டு ரப்பர் மரங்களை விறகாக அடுக்கி வையுங்கள். கூரை போட்டு வையுங்கள், ஒரு மழை நனைந்தால் பூஞ்சை பிடித்து வீணாகும்.

ரங்கூன் ஷீட் வியாபாரம்:
உங்கள் வாங்குகிறவர் விழுங்கிய பாதி இதுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் ஒரு சட்டம் போட்டது. ரப்பர், பாமாயில், காபி, கொக்கோ, சோயா, மரம், மாடு, இந்த ஏழும் 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் வந்ததாக இருக்கக்கூடாது. அமலுக்கு வரும் தேதியைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள், ஆனால் அந்த 2020 மாறவில்லை. தோட்டம் எங்கே இருக்கிறது என்று ஜிபிஎஸ் புள்ளி கொடுக்க வேண்டும், 4 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ 10 ஏக்கருக்கு மேல் என்றால் எல்லைக்கோடு முழுவதும். உங்கள் 8 ஏக்கர் அதற்குள் அடங்கும், ஒரு புள்ளி போதும். 11 ஏக்கர் ஆக்கினால் அளவும் தாண்டும், காட்டை வெட்டியதும் செயற்கைக்கோள் படத்தில் தெரியும், படிவம் 7-ம் இல்லை. சட்டப்படியான நிலமா என்றும் கேட்கிறார்கள்.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நம் ரப்பரில் பெரும்பங்கு சீனாவுக்குத்தான் போகிறது, இன்று நம்மிடம் வாங்குகிறவன் யாரும் காட்டைப் பற்றிக் கேட்பதில்லை. அதனால் ஐரோப்பாவைக் காட்டித் தம்பியைப் பயமுறுத்தாதீர்கள், அவர் நாளைக்கே இதைக் கண்டுபிடித்துவிடுவார். காசு வேறு இடத்தில் இருக்கிறது. பாலை உறைய வைக்க மலிவு என்று கந்தக அமிலம் ஊற்றுகிறவர்கள்தான் இங்கே அதிகம், ஷீட் சீக்கிரம் கெடுகிறது, கழிவுநீர் ஓடையையும் கெடுக்கிறது. ஃபார்மிக் அமிலம், வடிகட்டிய பால், சுத்தமான ரோலர், நன்றாகப் புகை. இவ்வளவு செய்தால் தரம் ஏறும், இருக்கிற மரத்திலேயே விலை கூடும்.

எல்லை தாண்டி வந்தவன்:
நான் தெற்குத் தாய்லாந்தில் ஒன்பது வருடம் பால் வெட்டினேன், சோங்க்லா பக்கம். எங்கள் முதலாளியம்மா தோட்டத்துக்குள் நுழைந்தால் ரப்பர் தோட்டம் என்றே தோன்றாது. ரப்பருக்கு அடியில் பாம்புத்தோல் மாதிரி தோல் உள்ள சலாப் பழப் புதர், கீரைக்காக ஒரு சிறு மரம், ஓரத்தில் டூரியன். ராத்திரி இரண்டு மணிக்குத் தலையில் விளக்கோடு போகும்போது சலா முள் காலைக் கிழிக்கும், எத்தனை நாள் திட்டியிருக்கிறேன்! ரப்பர் விலை விழுந்த வருடம் பக்கத்துத் தோட்டக்காரர்கள் வெட்டுவதையே நிறுத்தினார்கள். அந்த அம்மா பழம் விற்று எங்களுக்குக் கூலி கொடுத்தார்.

அண்ணே, நீங்கள் வரிசையை நெருக்கி இரண்டு இரண்டாக வைத்து, நடுவில் 35, 40 அடி விடுங்கள். முதல் மூன்று வருடம் அன்னாசி. இஞ்சி மட்டும் வேண்டாம், தோண்டி எடுக்கும்போது சரிவு மண் இளகிவிடும். நிழல் வந்த பிறகு ரம்புத்தான், மங்குஸ்தான். பிறகு பால் வெட்டும்போது தினமும் வெட்டாதீர்கள், மூன்று நாளுக்கு ஒருமுறை போதும், பட்டையும் மிஞ்சும், ஆள் கூலியும் மிஞ்சும்.

இது ஒன்றும் புதுசு இல்லை. 1856-ல் நம் பெகு காடுகளைப் பார்த்துக்கொள்ள வந்த ஜெர்மன் வன அதிகாரி பிராண்டிஸ், கரேன் மக்களின் மலை விவசாயத்தோடு தேக்கைச் சேர்த்து வளர்க்க வைத்தார். அந்த மலை விவசாயத்தைக் குறிக்கும் தௌங்யா என்ற நம் ஊர்ச் சொல்லைத்தான் உலகம் முழுக்க வனத்துறைக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

தவாய்க்காரி:
யாராவது செம்பனை, அதான் பாமாயில் மரம், வைக்கச் சொன்னால் ஓடிவிடுங்கள். 1999-லிருந்து பர்மாவின் தெற்குக் கோடியில் இருக்கும் எங்கள் தெனாசரிம் பகுதியை நாட்டின் எண்ணெய்க் கிண்ணம் ஆக்குகிறோம் என்று காட்டை ஏக்கர் ஏக்கராகக் கொடுத்தார்கள். மரம் லாரியில் போனது, பெரும்பகுதி இடத்தில் பனை நடவே இல்லை. நட்ட சிறு விவசாயிக்கும் குலையை ஓரிரு நாளுக்குள் ஆலைக்குக் கொண்டுபோகாவிட்டால் எண்ணெய் கெட்டுவிடும், ஆலையோ எங்கோ இருக்கும்.

முடோன் தோட்டக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. தம்பிக்குப் படித்துக் காட்டினேன். ஐரோப்பா வரும்போது சிரித்தான், டிரம் தண்ணீர் வந்ததும் சிரிப்பு நின்றது. விறகுக்குக் கொட்டகை போட ஒப்புக்கொண்டான், காட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை, அதையே சம்மதம் என்று வைத்துக்கொள்கிறேன். சோங்க்லா தம்பி, இரட்டை வரிசைக்குள் கன்றுக்குக் கன்று எத்தனை அடி விட்டார்கள்? குழி வெட்ட ஆள் திங்கட்கிழமை வருகிறது.