தம்பியின் ராணுவ டிஸ்சார்ஜை மாற்ற வழி சொல்லுங்கள்

அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர்கள் இங்கே யாராவது உண்டா? என் தம்பி ஈராக் போய் வந்தபின் தூக்கம் கெட்டு, குடியில் விழுந்து, 2009-இல் 'அதர் தேன் ஹானரபிள்' (மரியாதைக் குறைவான டிஸ்சார்ஜ்) என்று வெளியே அனுப்பப்பட்டான். அந்த டிடி-214 என்னும் ராணுவ விடுவிப்புத் தாளை பீரோவில் துணிக்கு அடியில் நாலாக மடித்து வைத்திருக்கிறான்.

15 வருடம் தாண்டிவிட்டதால் டிஸ்சார்ஜ் மறுஆய்வு வாரியத்துக்கு டிடி-293 படிவம் போட முடியாது. டிடி-149 படிவம் நிரப்பி ராணுவ ஆவணத் திருத்த வாரியத்துக்குத்தான் போக வேண்டும். அதற்கும் 3 வருடக் கெடு உண்டு, ஆனால் நியாயமான காரணம் இருந்தால் தளர்த்தலாமாம். பிடிஎஸ்டி (போர் போன்ற அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பு) இருந்தால் தாராளமாகப் பரிசீலிக்கச் சொல்லி 2014, 2017-இல் பாதுகாப்புத் துறையே குறிப்பாணை விட்டிருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், அப்போது அவன் எந்த டாக்டரிடமும் போகவில்லை. இப்போதைய மனநல மருத்துவரின் கடிதமும் கூட இருந்தவர்களின் வாக்குமூலமும் எடுபடுமா? கட்டணம் வாங்காத வக்கீல் யாரையாவது தெரியுமா? அவனுக்குத் தெரியாமல்தான் கேட்கிறேன்.