விலை வெளிப்படைத்தன்மைக் கோப்பில் இடைக்கட்டணம் மைனஸில் வருகிறது, அவசர உதவி தேவை

வரிக்குவரி
வணக்கம். விளம்பர விலை வெளிப்படைத்தன்மைத் தரவை எடுக்க ஆரம்பித்திருக்கிறோம். தினமும் ஒரு சிஎஸ்வி கோப்பு வருகிறது. விளம்பரதாரர் கொடுத்த விலையிலிருந்து எங்களுக்கு வந்த தொகையைக் கழித்தால், நடுவில் போன கட்டணம் தெரிய வேண்டும். ஆனால் நிறைய வரிகளில் விடை மைனஸில் வருகிறது. அதாவது விளம்பரதாரர் கொடுத்ததைவிட எங்களுக்கு அதிகம் வந்ததாகக் காட்டுகிறது! இன்னும் பல வரிகளில் அந்தக் கட்டமே காலி. தரவைப் பகிர்வதற்கும் ஒரு தேர்வு இருக்கிறதாம், என் திரையில் அது வரவே இல்லை. நாளை மேலாளரிடம் காட்ட வேண்டும். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

ஏலப்பலகை
எந்தத் தளம், எந்த நாடு என்று எதையுமே சொல்லவில்லையே. கோப்பு தளத்திலிருந்து நேரடியாக வருகிறதா, நடுவில் யாராவது தொகுத்துத் தருகிறார்களா? ஒரு வரி ஒரு இம்ப்ரஷனா (விளம்பரம் ஒருமுறை காட்டப்படுவது), ஒரு நாள் மொத்தமா?

நாணயமாற்று
இது கரன்சி பிரச்சினைதான், வேறு எதுவும் இல்லை. விளம்பரதாரர் ஸ்வீடிஷ் க்ரோனாவில் கொடுப்பார், உங்களுக்கு யூரோவில் வரும். ஒரு பக்கம் அன்றைய மாற்று விகிதம், இன்னொரு பக்கம் மாதக் கடைசி விகிதம். மைனஸ் வராமல் என்ன செய்யும்?

தரவுத்தேனீ
எனக்கு டைம்ஸோன் மேல்தான் சந்தேகம். கோப்பு யுடிசி என்ற உலகப் பொது நேரப்படியும் உங்கள் வருமான அறிக்கை உள்ளூர் நேரப்படியும் இருந்தால், நள்ளிரவை ஒட்டிய இம்ப்ரஷன்கள் அடுத்த நாளில் போய் விழும். இரண்டு கோப்பின் தலைப்பு வரியையும் ஒட்டுங்கள்.

வரிக்குவரி
பெல்ஜியம். நாங்கள் விற்கும் பக்கம், செய்தித்தளம். தளத்தின் பெயரைப் போட அலுவலகத்தில் அனுமதி இல்லை, ஐரோப்பிய ஒன்றியம் தனி விதிகள் போட்டிருக்கும் பெரிய தளங்களின் பட்டியலில், அதாவது கேட்கீப்பர் பட்டியலில் இருப்பதுதான். எல்லாமே யூரோ.

நாணயமாற்று
எல்லாமே யூரோ என்று உங்கள் பக்கம் காட்டும். விளம்பரதாரர் எதில் கொடுத்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. நான் சொல்வதைச் சோதித்துப் பாருங்கள்.

பழையபதிவர்
தம்பி, இதே கேள்வி இங்கே பலமுறை வந்தாகிவிட்டது. தேடிப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம், 2022/1925 ஒழுங்குமுறை, பிரிவு 5. அதில் 9ஆம் பத்தி விளம்பரதாரருக்கு, 10ஆம் பத்தி பதிப்பாளருக்கு, அதாவது விளம்பரம் காட்டும் உங்களைப் போன்ற தளத்துக்கு. கேட்கீப்பர் நிறுவனங்கள் 2024 மார்ச் 7 முதல் இதைக் கடைப்பிடிக்க வேண்டும். பதிப்பாளர் கேட்டால், அவர் பக்கத்தில் வந்த ஒவ்வொரு விளம்பரத்துக்கும் மூன்று விஷயங்களை தினமும் இலவசமாகத் தர வேண்டும்: பதிப்பாளருக்கு வந்த தொகையும் அதில் பிடித்த கட்டணங்களும், விளம்பரதாரர் கொடுத்த விலை, இவை எதை வைத்துக் கணக்கிடப்பட்டன என்ற அளவீடு. முதலில் சட்டத்தைப் படியுங்கள், அப்புறம் கோப்பைத் திறக்கலாம்.

நீலக்குறிப்பு
பழையபதிவர் சார், சட்டம் சரி. அவருக்கு மைனஸ் ஏன் வருகிறது என்பதற்கு அதில் பதில் இல்லையே.

பழையபதிவர்
இருக்கிறது. அதே பத்தியை முழுதாகப் படித்தால் கண்ணில் படும்.

பக்கஓரம்
அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். விளம்பரதாரர் கொடுத்த விலை, அவர் ஒப்புதல் தந்தால் மட்டுமே உள்ளபடி வரும். ஒப்புதல் தராவிட்டால், அந்த விளம்பரதாரர் அந்த விளம்பரங்களுக்குக் கொடுத்த அன்றைய சராசரி விலைதான் வரும்.

வரிக்குவரி, ஒன்று செய்யுங்கள். கோப்பில் ஒரே விளம்பரதாரர், ஒரே நாள் என்று வடிகட்டி, விலைக் கட்டத்தை மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறதா?

வரிக்குவரி
ஆமாம்! ஒரு விளம்பரதாரருக்கு அன்றைக்கு எல்லா வரியிலும் 1.87. எங்களுக்கு வந்தது மட்டும் 0.62, 1.15, 2.31, 0.90 என்று வரிக்கு வரி மாறுகிறது. கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அதையெல்லாம் தனியாக ஒதுக்கி வைத்திருந்தேன்.

பக்கஓரம்
கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஒதுக்கியதைத் திரும்பச் சேருங்கள். 1.87 அன்றைய சராசரி, 2.31 அந்த வரியின் நிஜத் தொகை. விலை அதிகமாகப் போன வரிகளில் சராசரியிலிருந்து நிஜத்தைக் கழித்தால் மைனஸ்தான் வரும். அந்த விளம்பரதாரருக்கு வரிவாரியாகக் கழிக்காதீர்கள். முழு நாளையும் கூட்டி, அந்த மட்டத்தில் ஒப்பிடுங்கள்.

கூட்டும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். சராசரிகளைச் சும்மா கூட்டி வகுக்கக் கூடாது. ஒரு நாள் 1,00,000 இம்ப்ரஷன் 1 யூரோ சிபிஎம்மில் (ஆயிரம் இம்ப்ரஷனுக்கான விலை), மறுநாள் 1,000 இம்ப்ரஷன் 5 யூரோ சிபிஎம்மில் போனது என்று வையுங்கள். கூட்டி இரண்டால் வகுத்தால் 3 யூரோ. இம்ப்ரஷன் எடையோடு போட்டால் 105 யூரோ, 1,01,000 இம்ப்ரஷன், அதாவது ஏறத்தாழ 1.04. இந்த 3 யூரோவை மேலாளரிடம் காட்டினால் இடைத்தரகர் கொள்ளையடிப்பது போலவே தெரியும்.

தரவுத்தேனீ
ஒப்புக்கொள்கிறேன், முக்கியக் காரணம் இதுதான். டைம்ஸோனையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், நாள் மொத்தத்தில் அது சின்ன வித்தியாசம் காட்டும்.

நாணயமாற்று
அப்படியென்றால் காலி வரிகள்? அதற்குச் சராசரி பதிலாகாதே.

ஏலப்பலகை
காலி வரிகளுக்கு நான் சொல்கிறேன். சட்டம் கேட்கீப்பரை அதன் சொந்தச் சேவைகளுக்கு மட்டும்தான் கட்டுப்படுத்துகிறது. விளம்பரதாரர் வேறொரு நிறுவனத்தின் டிஎஸ்பி (விளம்பரதாரருக்காக ஏலம் கேட்கும் கருவி) வழியாக வாங்குகிறார் என்று வையுங்கள். அந்த டிஎஸ்பி எக்ஸ்சேஞ்சில், அதாவது ஏலச் சந்தையில், 2 யூரோ ஏலம் வைத்தது மட்டும்தான் கேட்கீப்பருக்குத் தெரியும். விளம்பரதாரரிடமிருந்து அந்த டிஎஸ்பி 2.40 வாங்கியதா, அதற்கு மேல் ஏஜென்சி எவ்வளவு எடுத்தது என்பது கேட்கீப்பரின் கணக்கிலேயே இல்லை. தெரியாததைத் தர முடியாது. வாங்கும் கருவி, எக்ஸ்சேஞ்ச், உங்கள் ஆட் சர்வர் (பக்கத்தில் எந்த விளம்பரம் காட்டுவது என்று முடிவு செய்வது) மூன்றும் ஒரே நிறுவனத்துடையதாக இருக்கும் வரிகளில்தான் சங்கிலி முழுதாகத் தெரியும். ஹெடர் பிடிங்கில் (பல ஏலச் சந்தைகளிடம் ஒரே நேரத்தில் விலை கேட்பது) வேறு எஸ்எஸ்பி, அதாவது வேறு விற்பனைக் கருவி, ஜெயித்த இம்ப்ரஷன்கள் இந்தக் கோப்பில் வருமா என்றே எனக்குச் சந்தேகம்.

வாங்கிய கருவியின் பெயர் உள்ள கட்டத்தைக் காலி வரிகளோடு சேர்த்துப் பாருங்கள், பொருந்தும்.

பழையபதிவர்
அந்தக் கேட்கீப்பர் பட்டியலிலும் எல்லோரும் தப்பாகவே புரிந்துகொள்கிறார்கள். 2023 செப்டம்பர் 6 அன்று அறிவித்ததில் விளம்பரச் சேவைக்காகப் பட்டியலில் வந்தவை ஆல்ஃபபெட், அமேசான், மெட்டா மூன்றும்தான். மைக்ரோசாஃப்ட் கேட்கீப்பர்தான், ஆனால் அதன் விளம்பரச் சேவையைப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்று 2024 பிப்ரவரியில் ஐரோப்பிய ஆணையம் முடிவு செய்தது. பெரிய நிறுவனம் என்றாலே இந்தத் தரவைக் கேட்கலாம் என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நீலக்குறிப்பு
நல்ல தகவல். சரி, பகிர்வுக்கு வருவோம். வரிக்குவரி, உங்கள் பக்கமிருந்தும் ஒப்புதல் கொடுத்துவிடுங்கள். நீங்கள் ஒப்புதல் தந்தால்தான் விளம்பரதாரருக்கும் உங்கள் நிஜ வருமானம் வரிவாரியாகத் தெரியும். இரண்டு பக்கமும் மூடி வைத்தால் இரண்டு பேருக்கும் சராசரிதான் மிச்சம்.

ஏலப்பலகை
அவசரப்பட வேண்டாம். இப்போது நடப்பது முதல் விலை ஏலம். ஜெயித்தவர் தான் கேட்ட விலையையே கொடுக்கிறார். அதனால் வாங்கும் கருவிகள் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் ஜெயிக்கலாம் என்று எப்போதும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கின்றன. எந்தப் பக்கத்தில் எந்த நேரத்தில் உங்களுக்கு 0.80 வந்தாலும் விற்றுவிடுகிறீர்கள் என்பது அவர்களுக்கு வரிவாரியாகத் தெரிந்தால், அடுத்த வாரமே விலை இறங்கும். ஃப்ளோர் விலையை, அதாவது நீங்கள் ஏற்கும் குறைந்தபட்ச விலையை, நீங்களே காட்டிக்கொடுத்த மாதிரி.

நீலக்குறிப்பு
சராசரி எப்படியும் அவர்களுக்குப் போகிறது, நீங்கள் மறைப்பது விவரத்தை மட்டும்தான். 1.20 கொடுப்பவர், அதில் 0.80 தான் உங்களுக்கு வருகிறது என்று பார்த்தால் என்ன நினைப்பார்? நேரடியாக 1.00க்குப் பேசலாமே என்று நினைப்பார். அவருக்கு 0.20 மிச்சம், உங்களுக்கு 0.20 அதிகம்.

ஏலப்பலகை
நேரடியாகப் பேச உங்களிடம் விற்பனை ஆள் இருக்க வேண்டும். சின்னத் தளத்தில் யார் இருக்கிறார்கள்? பேச ஆள் இல்லாத இடத்தில் வாங்குபவர் தன் ஏலத்தைக் குறைப்பார், அவ்வளவுதான்.

நீலக்குறிப்பு
மூடி வைத்து நமக்கு இதுவரை என்ன கிடைத்தது? பிரிட்டனில் விளம்பரதாரர் சங்கமான இஸ்பா, பிடபிள்யூசி தணிக்கை நிறுவனத்தை வைத்து 2020ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. விளம்பரதாரர் செலவழித்ததில் 51 சதவீதம்தான் பதிப்பாளருக்குப் போனது. 15 சதவீதம் எங்கே போனது என்று ஆய்வாளர்களாலேயே சொல்ல முடியவில்லை. 2023ல் வந்த இரண்டாவது ஆய்வில் பதிப்பாளர் பங்கு 65, கணக்கில் வராதது 3. நடுவில் யாரும் திடீரென்று நல்லவர்களாகிவிடவில்லை. ஒருவர் கணக்கை இன்னொருவர் கணக்கோடு சேர்த்துப் பார்க்கும் வழி திறந்ததும் அந்த ஓட்டை சுருங்கியது. பதிப்பாளர்கள் கதவை மூடிக்கொண்டு விளம்பரதாரர் மட்டும் திறக்க வேண்டும் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஏலப்பலகை
அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் பெரிய விளம்பரதாரர்கள், பெரிய பதிப்பாளர்கள். அந்த எண்ணை ஒரு சின்னத் தளத்தின் மேல் அப்படியே ஏற்ற முடியாது. எங்கள் வருமானத்தில் பாதி இப்படி வருவதுதான். அதைச் சோதனை எலியாக்க எனக்கு மனமில்லை.

பழையபதிவர்
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். நீங்கள் அதிகாரம் கொடுக்கும் மூன்றாம் தரப்பும் இந்தத் தரவைப் பெறலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. சுதந்திரமான தணிக்கையாளரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம்.

மட்டுறுத்துனர்
ஒப்புதல் தரலாமா கூடாதா என்ற விவாதத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். கேட்டவருக்கு இன்னும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது, பகிர்வுத் தேர்வு ஏன் திரையில் வரவில்லை என்பது.

பக்கஓரம்
பெரும்பாலும் அனுமதி நிலைதான். இப்படிப்பட்ட ஒப்புதல் நிறுவனத்தின் சார்பில் தருவது, அறிக்கை மட்டும் பார்க்கும் கணக்குக்கு அதைக் காட்ட மாட்டார்கள். கணக்கின் நிர்வாகி யாரோ அவர் திரையில் பாருங்கள்.

உங்கள் கணக்கு சரியா என்று உரைத்துப் பார்க்க வெளியே ஒரு எண் வேண்டுமென்றால் கூகுளின் தள விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் விகிதத்தை எடுத்துக்கொள்ளலாம். வாங்கும் பக்கக் கட்டணம் போக மீதியில் 80 சதவீதம் பதிப்பாளருக்கு என்று கூகுள் 2023 நவம்பரில் அறிவித்தது. கூகுள் ஆட்ஸ் வழியாக வாங்கும்போது முன்னால் போகும் கட்டணம் சராசரியாக 15 சதவீதம். 2.00 யூரோவில் 0.30 போய் 1.70, அதில் 0.34 போய் 1.36. மொத்தத்தில் 68 சதவீதம். உங்கள் ஒப்பந்தம் வேறாக இருக்கலாம், ஆனால் கட்டணம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவது இப்படித்தான். இரண்டு சதவீதத்தையும் கூட்டி மொத்தமாக 35 என்று கழித்தால் தப்பு.

வரிக்குவரி
நாள் மட்டத்தில் கூட்டியதும் மைனஸ் எல்லாம் போய்விட்டது. காலி வரிகள் அத்தனையும் வெளி டிஎஸ்பி. பகிர்வுத் தேர்வு நிர்வாகி திரையில் இருக்கிறது, தருவதா என்று மேலே யோசிக்கிறார்கள். எல்லோருக்கும் நன்றி, கூட்டத்துக்குப் போகிறேன்.

நாணயமாற்று
யூரோ அல்லாத விளம்பரதாரர் யாராவது இருந்தார்களா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.

தரவுத்தேனீ
டைம்ஸோனும்.