மாட்டைக் கடிக்கும் இந்த ஈக்கள் எல்லாம் ஒரே இனமா?

பூம்பாறைக்காரன்:
மழை விட்டு வெயில் வந்ததும் எங்கள் மாடுகளை ஈ மொய்க்கிறது. ஒன்று தேனீயைவிடப் பெரியது, பழுப்பு நிறம், ரீங்காரம் தூரத்திலேயே கேட்கும். இன்னொன்று ஒல்லி, சாம்பல் நிறம், வந்ததே தெரியாது, சுருக்கென்று கடித்த பிறகுதான் தெரியும். ஊரில் இரண்டையும் மாட்டு ஈ என்றுதான் சொல்கிறோம். ஆணும் பெண்ணுமா, வேறு வேறு இனமா?

குன்னூர் பூச்சி:
ஆண் கடிக்காது அண்ணே, தேன் குடித்தே வாழும். முட்டை வளர ரத்தம் தேவைப்படுவது பெண்ணுக்குத்தான், அதனால் நீங்கள் பார்த்த இரண்டும் பெண். உடம்பு நிறத்தை விடுங்கள், உட்கார்ந்திருக்கும்போது இறக்கையைப் பாருங்கள். சாம்பல் இறக்கையில் கோலம் போட்டதுபோல வெளிர் வளையங்கள் இருந்து, கூரைபோல உடம்பின்மேல் சரிந்திருந்தால் ஹீமட்டோபோட்டா என்ற பேரினம் (பல இனங்கள் சேர்ந்த தொகுதி). சத்தமில்லாமல் வருவது அதுதான். பெரியது டபானஸ் என்ற வேறு பேரினம், இறக்கை பெரும்பாலும் தெளிவாக இருக்கும். கிரைசாப்ஸ் என்று ஒன்றும் உண்டு: இறக்கையில் குறுக்கே கறுப்புப் பட்டை, முக்கோணமாக விரித்து உட்காரும்.

பூம்பாறைக்காரன்:
கோலம் அப்படியே இருக்கிறது, சரி. ஆனால் பெரியதிலேயே நேற்றுப் பார்த்ததற்குப் பச்சைக் கண்ணில் பட்டை, டப்பாவில் எடுத்து வைத்திருப்பதற்குப் பட்டையே இல்லை. இரண்டு இனமா?

குன்னூர் பூச்சி:
டப்பாவில் இருப்பது செத்ததுதானே? காய்ந்தால் கண்ணின் நிறமும் பட்டையும் மங்கிவிடும், ஈரத் துணியோடு கொஞ்ச நேரம் மூடி வைத்தால் ஓரளவு திரும்பத் தெரியும். அதை வைத்துச் சட்டென்று இனம் பிரிக்காதீர்கள். முதுகுப் படம் மட்டும் போட்டு இனப்பெயர் கேட்டால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. முகத்தை நேராக, கிட்டத்தில் எடுங்கள். இரண்டு கண்ணுக்கும் நடுவே பளபளப்பான ஒரு மேடு இருக்கும், அதன் வடிவமும் உணர்கொம்பும்தான் முக்கியம். ஆணுக்கு அந்த இடைவெளியே இருக்காது, கண்கள் ஒட்டியிருக்கும்.

கொடைக்கானல் குதிரை:
மாட்டின் காலில் வீட்டு ஈ அளவில் ஒன்று உட்கார்ந்து, ஊசிபோன்ற வாயை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் அது கொட்டில் ஈ, மேலே சொன்ன மூன்றும் சேர்ந்த குடும்பமே இல்லை. அப்புறம் ஒன்று, பெரிய ஈ கடிக்கும்போது மாடு வாலால் விரட்டினால் பக்கத்து மாட்டுக்குப் பாய்ந்து மீதியைக் குடிக்கும். சர்ரா என்ற ரத்த ஒட்டுண்ணி நோய் பரவுவது இப்படித்தான், வாயில் ஒட்டிய ரத்தத்தோடு. குதிரைக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து. விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்து மாடு மெலிந்தால் உடனே மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

பூம்பாறைக்காரன்:
ஒரு மாடு பத்து நாளாகச் சரியாகத் தின்னவில்லை. நாளைக்கே ரத்தம் எடுக்கச் சொல்கிறேன், முகப்படம் சாயங்காலம் போடுகிறேன்.