ஏற்காட்டுப் பாதைக்கு மழைக்கு முன்னால் ஆளும் கடப்பாரையும் வேண்டும்

வணக்கம். அடிவாரத்திலிருந்து ஏறும் ஒற்றையடிப் பாதையில் ஐப்பசி மழைக்குள் 12 இடத்தில், மழைத்தண்ணீரைப் பாதையை விட்டு ஓரமாகத் திருப்பிவிடும் கல்வரிசை போட வேண்டும். குறுக்கே நேராக வைத்தால் வண்டல் தேங்கி, தண்ணீர் மேலேறிப் பாதையையே அறுத்துவிடும். 45 பாகை சாய்த்து, கல்லில் மூன்றில் இரண்டு பங்கைப் புதைத்து, பள்ளப் பக்கம் தண்ணீர் வெளியேற வாய் விட வேண்டும். பாதையோர உண்ணிச்செடியையும் அகற்ற வேண்டும்; மேலாக வெட்டினால் இன்னும் அடர்த்தியாகத் தழைக்கும். தண்டு வேரோடு சேரும் வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டணும்.

கடப்பாரை 4, மண்வெட்டி 6, இரண்டு ஞாயிறுக்கு 15 பேர் தேவை.

ஆள் கிடைத்துவிடும், காகிதம்தான் இழுக்கும். பாதை காப்புக்காட்டையும் காப்பித் தோட்டங்களையும் தொடுகிறது. வனச்சரகர் அனுமதியும் தோட்டக்காரர் சம்மதமும் எழுத்தில் வேண்டும். எந்தத் துண்டை யார், வருடத்துக்கு எத்தனை முறை பராமரிப்பது என்று பிரித்து எழுதிய ஒப்பந்த மாதிரி யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள்.